சின்னவன் எடுக்கப்போகும் ஜாம்பிப் படம்

அன்புள்ள மாப்ள,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் தாமதமானதற்கு முழங்கால்தான் காரணம் என்று எழுதலாம். முழங்காலாலா கடிதம் எழுதுகிறாய் என்று நீ கேட்பாய். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். டாக்டர் மாடிப்படி ஏறக்கூடாது என்றதும் ஸ்டூடியோவை அக்கா மகனிடம் விட்டுவிட்டேன். இப்போது கல்யாண ஆர்டர்களை அவன் பார்க்கிறான். நான் வீட்டில் உட்கார்ந்து ராத்திரி ராத்திரியாக ஜாம்பிப் படம் பார்க்கிறேன். “இந்த வயசுல பிணம் நடக்குறத பாக்கணுமா” என்று சொல்லிவிட்டு உன் தங்கச்சி கதவைச் சாத்திக்கொண்டு தூங்கப் போய்விடுகிறாள்.

எல்லாம் உன்னால்தான். சின்னவன் வேலையை விட்டுவிட்டு, சிநேகிதர்களோடு 2 லட்சத்தில் ஜாம்பிப் படம் எடுக்கப்போகிறான், நீ சொன்னால் கேட்பான், நாலு வார்த்தை எடுத்துச் சொல் என்று எழுதியிருந்தாய். சொல்லலாம் என்றுதான் நானும் இருந்தேன். எதைப் பற்றிப் பேசுகிறோம் என்றாவது தெரிந்துகொள்வோமே என்று படங்களைத் தேட ஆரம்பித்தேன். அதில்தான் மாட்டிக்கொண்டேன்.

நாம் லாட்ஜ் அறையில் டெக் வாடகைக்கு எடுத்து விடிய விடியப் பார்த்த நாட்கள் ஞாபகம் இருக்கிறதா? ஒரு படத்தில் ஏரிக்குள்ளிருந்து பச்சை முகத்தோடு சிப்பாய்கள் எழுந்து வருவார்கள். கடித்துவிட்டு நிமிர்ந்தால் அந்தப் பச்சைப் பெயின்ட் பாதி, கடிபட்டவள் கழுத்தில் ஒட்டியிருக்கும். நீ சிரித்துச் சிரித்துப் புரையேறி டீயைக் கீழே கொட்டினாய். அந்தப் படத்தின் பெயர் இப்போதுதான் தெரிந்தது: ‘ஜாம்பி லேக்’, 1981, பிரெஞ்சு இயக்குநர் ழான் ரோலின் எடுத்தது. திரும்பப் பார்த்தேன். தண்ணீருக்கடியில் எடுத்த காட்சிகளெல்லாம் நீச்சல் குளம் என்று அப்பட்டமாகத் தெரிகிறது. அந்தக் காலத்து இன்னொரு படம், இத்தாலிக்காரர் புரூனோ மத்தேயி எடுத்தது, நியூ கினி ஆவணப்படத் துண்டுகளை அப்படியே நடுவில் ஒட்டிவைத்திருக்கிறது. காட்டில் ஓடுகிறவர்கள் ஒரு படத்திலும் யானை வேறொரு படத்திலும் இருக்கிற மாதிரி. காசில்லாததை மூடி மறைக்கப் பார்த்தால் இப்படித்தான் ஆகும்.

சரி, மறைக்காமல் எடுத்தவர்கள் பக்கம் வருகிறேன். அமெரிக்க இயக்குநர் ஜார்ஜ் ரொமேரோவின் ‘நைட் ஆஃப் த லிவிங் டெட்’ (1968) பற்றி உனக்குச் சொல்லியே ஆகவேண்டும், ஏனென்றால் அவர்கள் நம் ஜாதி. பிட்ஸ்பர்க்கில் விளம்பரப் படம் எடுத்துப் பிழைத்துக்கொண்டிருந்தவர்கள். பத்துப் பேர் ஆளுக்கு 600 டாலர் போட்டு ஆரம்பித்திருக்கிறார்கள். அது எங்கே போதும்? இன்னும் ஆட்களைப் பிடித்து, கடைசியில் ஏறத்தாழ 1,14,000 டாலரில் முடித்தார்கள். இடிப்பதற்காக விட்டிருந்த ஒரு பண்ணை வீடு கிடைத்தது. அதற்குள் எதை உடைத்தாலும் கேட்க ஆளில்லை. ரத்தத்துக்குச் சாக்லேட் சிரப். கறுப்பு வெள்ளைப் படம் என்பதால் யாருக்கும் தெரியவில்லை. தின்கிற குடலும் கறியும், பணம் போட்டவர்களில் ஒருவர் கறிக்கடைக்காரர் என்பதால் அங்கிருந்தே வந்துவிட்டது. தயாரிப்பாளர் கார்ல் ஹார்ட்மன் தானே நடித்து, தன் சொந்த மகளையே ஜாம்பி ஆக்கியிருக்கிறார். காருக்கு வாடகை கொடுக்க முடியாமல் இன்னொரு தயாரிப்பாளரின் அம்மா காரை வாங்கி ஓட்டியிருக்கிறார்கள். நடுவில் யாரோ இடித்து அது நசுங்கிப்போக, கார் மரத்தில் மோதுகிற மாதிரி கதையையே மாற்றி எழுதிவிட்டார்கள். ஞாபகம் வருகிறதா, மண்டபத்தில் கரண்ட் போன அன்றைக்கு நாம் தாலிகட்டை பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் எடுத்ததும், பெண் வீட்டார் அதைத்தான் ஆல்பத்தின் முதல் பக்கத்தில் போடச் சொன்னதும்?

நான் கண்டுபிடித்தது இதுதான். காசு இல்லாதது கதைக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிட்டால் அந்தப் படம் பிழைத்துவிடுகிறது. வெளியே போக வழியில்லாத ஒரு வீடு, உள்ளே ஒத்துப்போகாத ஏழு பேர். ஊரே அழிகிறது என்பதை ரேடியோவும் டிவியும் சொல்லிவிடுகின்றன. ஊரைக் காட்ட வேண்டியதில்லை. கடைசியில் வரும் அந்தச் சொரசொரப்பான ஸ்டில் போட்டோக்களை நீ பார்க்க வேண்டும். இரவெல்லாம் பிழைத்த கறுப்பின இளைஞனை, டுவேன் ஜோன்ஸ் நடித்தது, காலையில் ஜாம்பி என்று நினைத்துத் தேடுதல் கூட்டமே சுட்டுவிடுகிறது. பிறகு உடலைக் கொக்கி போட்டு இழுப்பதெல்லாம் பத்திரிகைப் படம் மாதிரி வெறும் ஸ்டில்களாக வருகின்றன. 1968 ஏப்ரலில்தான் மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்டார். அக்டோபரில் படம் வந்தது. முப்பது வருஷமாகக் கல்யாண ஆல்பம் போட்டவன் நான். ஸ்டில்லுக்கு இப்படி ஒரு வலு உண்டு என்று அந்த ராத்திரிதான் தெரிந்தது.

இதில் ஒரு வயிற்றெரிச்சலும் உண்டு. விநியோகஸ்தர் படத்தின் தலைப்பை மாற்றியபோது, பழைய தலைப்புக்குக் கீழே இருந்த காப்புரிமை வரியும் சேர்ந்து போய்விட்டது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி அந்த ஒரு வரி இல்லையென்றால் படம் ஊர்ச் சொத்து. யார் யாரோ பிரதி போட்டுச் சம்பாதித்தார்கள். சின்னவனிடம் இதை மட்டும் தனியாகச் சொல்.

இந்தப் பத்துப் பேர், 600 டாலர் கணக்கு மறுபடியும் வருகிறது. ‘த பேட்டரி’ (2012) என்ற படத்தை ஜெரமி கார்ட்னர் என்பவர் 6,000 டாலரில் எடுத்திருக்கிறார். பத்துச் சிநேகிதர்களிடம் ஆளுக்கு 600 வாங்கி. பேஸ்பால் ஆடின இரண்டு பேர் காட்டிலும் வெற்றுச் சாலையிலும் அலைகிறார்கள். ஒருவன் மீன் பிடிக்கிறான், ஒருவன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உலகத்தை மறக்கப் பார்க்கிறான். ரொம்ப நாளைக்கப்புறம் பல் தேய்க்கக் கிடைத்தால் எவ்வளவு சந்தோஷம் என்பதற்கு ஒரு முழுக் காட்சி. கடைசிப் பகுதி முழுக்க ஒரு காருக்குள்தான்; கண்ணாடியை வெளியே கைகள் தட்டிக்கொண்டே இருக்கின்றன. இடையில் கொஞ்சம் இழுவை என்பதை மறுக்க மாட்டேன். ஆனாலும் அந்த இருவரையும் பார்த்தபோது லாட்ஜ் அறை நாட்கள்தான் ஞாபகம் வந்தன. கோபித்துக்கொண்டு மூலைக்கு ஒருவராகப் படுப்போமே, அது.

எல்லாமே இப்படி என்று நினைத்துவிடாதே. லண்டனில் மார்க் பிரைஸ் என்பவர் வெறும் 45 பவுண்டில் ‘காலின்’ (2008) எடுத்தார், பிரான்ஸில் கான் பட விழாவோடு நடக்கிற படச் சந்தை வரைக்கும் போனது. ஜாம்பியாக மாறியவனின் பக்கத்திலிருந்தே கதை சொல்கிற யோசனை அபாரம். ஆனால் இருட்டில் கேமரா ஆடுகிற ஆட்டத்தில் யார் யாரைக் கடிக்கிறார்கள் என்றே எனக்குத் தெரியவில்லை. மனசார மெச்சலாம், உட்கார்ந்து பார்க்கக் கஷ்டம்.

அப்புறம், பெயர் சொல்ல அவசியமில்லாத பத்துப் பதினைந்து படங்கள் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் ஒரே வியாதி: சத்தம். படம் மங்கலாக இருந்தால் கண் பழகிக்கொள்கிறது. கேமராவில் இருக்கிற மைக்கிலேயே பதிவுசெய்து, காற்றும் தூரத்து லாரியும் கேட்டால் காது பழகவே பழகாது. இரண்டாவது, கம்ப்யூட்டரில் ஒட்டின ரத்தம். சட்டையில் கறையே படாமல் காற்றில் தெறித்து மறைகிறது. மூன்றாவதைச் சொன்னால் சின்னவன் கோபப்படுவான். ஜாம்பிக்கு வசனம் வேண்டாம், நடிப்பு வேண்டாம், கிழிந்த சட்டையும் பவுடரும் போதும். இது சுலபம் என்பதால்தான் எல்லோரும் இங்கே வருகிறார்கள். கதையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று வருகிறார்கள்.

சுலபம் என்று நினைக்காதவர்களும் உண்டு. ஜப்பானில் ஷினிச்சிரோ உவேதா ‘ஒன் கட் ஆஃப் த டெட்’ என்று 2017-இல் எடுத்தார். நடிப்புப் பயிற்சிக்கு வந்தவர்களை வைத்து 30 லட்சம் யென்னில். நம் கணக்குக்கு 20 லட்ச ரூபாய்க்குள். அது வசூலித்தது 300 கோடி யென்னுக்கு மேல். முதல் 37 நிமிடம் ஒரே ஷாட். ‘என்னடா இப்படிச் சொதப்புகிறார்கள்’ என்று எழுந்துபோகத் தோன்றும். போகாதே. அதற்கு மேல் சொன்னால் நீ என்னை மன்னிக்க மாட்டாய். வீட்டில் எல்லோரையும் கூட்டி வைத்துப் பார். கதவைச் சாத்தின என் வீட்டுக்காரியே கடைசி அரை மணி நேரம் நின்றபடி பார்த்தாள்.

அதனால் மாப்ள, என்னால் அவனைத் தடுக்க முடியாது. வேலையை மட்டும் விட வேண்டாம் என்று சொல்கிறேன். ரொமேரோ கூட்டமும் விளம்பரப் படம் எடுத்துக்கொண்டே கிடைத்த நேரத்தில்தான் இதையும் எடுத்தது. ஞாயிற்றுக்கிழமை அவனை இங்கே அனுப்பு. ஸ்டூடியோவில் பூம் மைக்கும் ரெக்கார்டரும் சும்மா கிடக்கின்றன, எடுத்துப் போகட்டும். சத்தம் பதிவு செய்வதை ஒரு நாள் உட்கார்த்தி வைத்துச் சொல்லிக்கொடுக்கிறேன். வீட்டைத் தேட வேண்டாம். உங்கள் பழைய ஓட்டு வீட்டை இடிக்கப்போவதாக எழுதியிருந்தாயே, அதை இரண்டு மாதம் தள்ளிப்போடு.

எனக்கும் ஒரு ஜாம்பி வேஷம் ஒதுக்கிவைக்கச் சொல். ஒத்திகையே வேண்டாம். இந்த முழங்காலை வைத்துக்கொண்டு தினமும் காலையில் அப்படித்தான் பாத்ரூமுக்குப் போகிறேன்.

உன்
பழைய ரூம்மேட்