பயணம் போகாதவரின் வரிப்பணத்தை அவர் கேட்காமலேயே திருப்பித் தரச் சொல்லுங்கள்

பெறுநர்:
தலைமை இயக்குநர்,
சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் (டிஜிசிஏ),
புது தில்லி.

ஐயா, வணக்கம்.

மலிவு விமான நிறுவனங்களின் சலுகை டிக்கெட்டில் 'ரீஃபண்ட் கிடையாது' என்று இருக்கும். பயணம் போக முடியாமல் போனவர் அதைப் படித்துவிட்டு, மொத்தப் பணமும் போய்விட்டது என்று விட்டுவிடுகிறார். உங்கள் விதி அப்படிச் சொல்லவில்லை. பிரிவு 3, வரிசை எம், பகுதி 2 என்ற ரீஃபண்ட் விதி 2008இல் வந்தது. 2016 திருத்தத்துக்குப் பிறகு அதில் தெளிவாகவே இருக்கிறது: டிக்கெட்டை ரத்து செய்தாலும், பயன்படுத்தாமல் விட்டாலும், நோ-ஷோ ஆனாலும் (ரத்து செய்யாமலேயே விமானம் ஏற வராமல் போனாலும்), சட்டப்படியான வரிகளையும் விமான நிலையக் கட்டணங்களையும் நிறுவனம் திருப்பித் தர வேண்டும். சலுகை டிக்கெட்டுக்கும், அடிப்படைக் கட்டணம் திரும்பாத டிக்கெட்டுக்கும் இது பொருந்தும்.

ஆனால் பயணி கேட்காமலேயே தர வேண்டும் என்று அந்த விதியில் இல்லை. அந்த இடைவெளியில்தான் பணம் தங்கிவிடுகிறது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். அடிப்படைக் கட்டணம் ரூ.1,200, அதற்கு 5 சதவீத ஜிஎஸ்டி ரூ.60, பாதுகாப்புக் கட்டணம் ஜிஎஸ்டியுடன் ரூ.236, விமான நிலையப் பயனாளர் கட்டணம் (யுடிஎஃப்) ரூ.450 என்று வைத்துக்கொள்வோம். யுடிஎஃப் ஊருக்கு ஊர் மாறும். மொத்தம் ரூ.1,946. இதில் பாதுகாப்புக் கட்டணமும் யுடிஎஃப்பும் சேர்ந்து ரூ.686, அதாவது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். நான்கு பேர் குடும்பத்துக்கு ரூ.2,744. டிக்கெட் எவ்வளவு மலிவோ, அவ்வளவுக்கு இந்தப் பங்கு பெரிதாகும். பறக்காதவரிடம் இந்தக் கட்டணங்களை வாங்க யாருக்கும் உரிமையில்லை. விமான நிறுவனம் இதை வசூலித்து ஒப்படைக்க வேண்டிய கை மட்டுமே.

ரூ.60 ஜிஎஸ்டி விஷயத்தில் குழப்பம் இருக்கிறது. பயணி இழக்கும் அடிப்படைக் கட்டணத்துக்கும் பயணச் சேவைக்குரிய அதே விகிதத்தில் வரி உண்டு என்று மறைமுக வரிகள் வாரியத்தின் 2022 ஆகஸ்ட் சுற்றறிக்கை சொல்கிறது. உங்கள் விதியோ 'எல்லா வரியும்' என்கிறது. நிறுவனங்கள் சுற்றறிக்கையைக் காட்டி ஜிஎஸ்டியை வைத்துக்கொள்கின்றன. எது செல்லும் என்று நீங்கள் ஒரு வரியில் எழுதிவிட்டால் பாதிச் சண்டை தீரும்.

இன்றைய நடைமுறையில் பணம் எங்கே சிக்குகிறது என்பதையும் சொல்கிறோம். விமானம் புறப்படச் சில மணி நேரம் முன்பே இணையத்தில் ரத்து செய்யும் வசதி மூடிவிடும். அதற்கு முன் ரத்து செய்தால், அடிப்படைக் கட்டணம் முழுவதும் போனாலும் மீதித் தொகைக்கான ரீஃபண்ட் அப்போதே பதிவாகிவிடும். அதைத் தவறவிட்டவர் நோ-ஷோ. அவருக்கு ரீஃபண்ட் பொத்தானே தெரியாது. தனிப் படிவத்தைத் தேடவோ மின்னஞ்சல் அனுப்பவோ வேண்டும். முதல் நாளே வெப் செக்-இன் செய்துவிட்டவர் பாடு இன்னும் சிக்கல். செக்-இன்னை நீக்கினால்தான் பல தளங்களில் ரத்து செய்ய முடியும், அந்த வழி எங்கே இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. ஒரே பிஎன்ஆரில் நான்கு பேர் இருந்து ஒருவர் மட்டும் போகவில்லை என்றால், கால் சென்டரில் பிஎன்ஆரைப் பிரிக்கச் சொல்லிக் காத்திருக்க வேண்டும்.

ஏஜென்ட் அல்லது புக்கிங் தளம் வழியாக வாங்கிய டிக்கெட்டில்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். பிஎன்ஆரில் பயணியின் மின்னஞ்சலுக்குப் பதில் ஏஜென்டின் மின்னஞ்சல் இருக்கும். ரீஃபண்ட் ஏஜென்டின் கணக்கில் விழும். பயணிக்குச் செய்தியே வராது. நிறுவனத்தைக் கேட்டால் ஏஜென்டைக் கேளுங்கள் என்பார்கள், ஏஜென்டைக் கேட்டால் நிறுவனம் இன்னும் தரவில்லை என்பார். ஏஜென்ட் என்பவர் விமான நிறுவனத்தின் பிரதிநிதி, ரீஃபண்டுக்குப் பொறுப்பு நிறுவனமே என்று உங்கள் விதி சொல்கிறது. அதை நிறுவனங்களுக்கு நினைவூட்ட வேண்டியது நீங்கள்தான்.

கிரெடிட் ஷெல், அதாவது ரீஃபண்டைப் பணமாகத் தராமல் அடுத்த டிக்கெட்டுக்கான இருப்பாக நிறுவனமே வைத்துக்கொள்ளும் விஷயமும் இப்படித்தான். பணமா, கிரெடிட்டா என்று தேர்வு செய்வது பயணியின் உரிமை என்று விதி இருக்கிறது. கிரெடிட் ஷெல்லை முன்கூட்டியே 'டிக்' செய்து வைக்கும் திரை அந்த உரிமையைப் பறிக்கிறது.

விடாமல் கேட்பவருக்கு வழி உண்டு. பிஎன்ஆர், கட்டண விவரம் உள்ள ரசீது, பணம் கட்டிய ஆதாரம் மூன்றையும் சேர்த்து, இன்னின்ன தொகை என்று தனித்தனியாகக் குறிப்பிட்டு வாடிக்கையாளர் சேவைக்கு எழுத வேண்டும். பதில் இல்லையென்றால் நிறுவனத்தின் நோடல் அதிகாரி (புகார்களைக் கவனிப்பவர்), பிறகு மேல்முறையீட்டு அதிகாரி. அதன்பின் விமானப் பயணிகளின் புகார்களுக்கான அரசின் ஏர்சேவா தளம், 1915 நுகர்வோர் உதவி எண். கடைசியாக மாவட்ட நுகர்வோர் ஆணையம். அங்கே 5 லட்சம் வரை கட்டணமில்லை. ரூ.686க்காக இத்தனை படி ஏறுபவர் எத்தனை பேர்? ஏறாதவர்களின் பணம் எங்கே போகிறது என்று உங்கள் தணிக்கையாளர்கள் கேட்க வேண்டும்.

எங்கள் கோரிக்கை இதுதான். கதவு மூடிய நொடியில் யார் ஏறவில்லை என்பது நிறுவனத்தின் கணினிக்குத் தெரியும். பணம் எந்தக் கார்டிலிருந்து, எந்த யுபிஐ கணக்கிலிருந்து வந்தது என்பதும் தெரியும். ஆகவே, விமானம் புறப்பட்ட 7 நாட்களுக்குள் நோ-ஷோ பயணியின் கட்டணங்கள், கோரிக்கை எதுவும் இல்லாமலேயே, பணம் வந்த வழியிலேயே திரும்ப வேண்டும் என்று உத்தரவிடுங்கள். கார்டு காலாவதியாகிப் பணம் திரும்பி வந்தால், வங்கிக் கணக்கு எண் கேட்டுப் பயணியின் சொந்தக் கைபேசிக்குச் செய்தி போகட்டும். ஏஜென்ட் பதிவிலும் பயணியின் எண்ணைக் கட்டாயமாக்குங்கள்.

இந்தப் பணத்தை நிறுவனங்கள் தங்கள் அன்றாடச் செலவோடு கலக்காமல் தனிக்கணக்கில் வைக்கவும் சொல்லுங்கள். 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட் விமான நிறுவனம் பறப்பதை நிறுத்தியபோது முன்பதிவு செய்தவர்களின் பணம் திவால் நடவடிக்கையில் சிக்கிக்கொண்டது. 2025 ஜனவரியில் அந்த நிறுவனத்தைக் கலைக்கவே உத்தரவு வந்துவிட்டது. அரசுக்கும் விமான நிலையத்துக்கும் என்று வாங்கிய தொகையாவது அப்படிக் கடன்காரர்கள் வரிசையில் நிற்கக் கூடாது.

ஒவ்வொரு நிறுவனமும் எத்தனை நோ-ஷோ பயணிகள், எவ்வளவு தொகை, எவ்வளவு திருப்பித் தந்தது என்பதை மாதாமாதம் உங்களுக்குத் தந்து, அதை நீங்கள் வெளியிடும் மாத அறிக்கையில் சேர்க்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பயணிகளுக்கு ரீஃபண்ட் மனு எழுத உதவுபவர்கள்