பிளிமத் நாட்ச் சரிவில்

வைட் ரிவர் ஜங்ஷன், வெர்மான்ட்
அக்டோபர் 12

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் எல்லோரும் நலம். நீங்கள், அண்ணன், மதினி, பிள்ளைகள் எல்லோரும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். போனில் தினமும் பேசத்தான் செய்கிறோம். ஆனால் இதை எழுதத்தான் வேண்டும் என்று தோன்றியது. எழுதினால் நீங்கள் கண்ணாடியைத் துடைத்துவிட்டு இரண்டு தடவை படிப்பீர்கள்.

இங்கே கவுண்டி என்பது கிட்டத்தட்ட நம்ம ஊர் மாவட்டம் மாதிரி. ஆனால் எங்கள் வின்ட்சர் கவுண்டி முழுவதிலும் சேர்த்தே 57,000 சொச்சம் பேர்தான். மலை, மாட்டுப் பண்ணை, மேப்பிள் காடு, நடுநடுவே சின்னச் சின்ன ஊர். ஊருக்கு ஊர் ரோட்டோரமாகவே கல்லறைத் தோட்டம் இருக்கிறது. சிலவற்றில் ஓரமாக ஒரு கல் அறை கட்டியிருக்கிறார்கள். பனிக்காலத்தில் மண் இறுகிப் போய்த் தோண்ட முடியாது. அதனால் பெட்டியை அந்த அறைக்குள் வைத்திருந்து, வசந்தம் வந்து மண் இளகிய பிறகு அடக்கம் செய்வார்களாம்.

வந்த புதிதில் இந்தத் தோட்டங்களைக் கடக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வேன். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் இறங்கிப் பெயர் படிக்க ஆரம்பித்துவிட்டேன். இந்த நாட்டையே நடத்திய ஆட்கள் இந்தக் கிராமங்களுக்குள் கிடக்கிறார்கள், அப்பா. உட்ஸ்டாக்கில் ஆற்றை ஒட்டிய ரிவர் ஸ்ட்ரீட் கல்லறைத் தோட்டத்தில் ஜேக்கப் காலமர் இருக்கிறார். தபால் துறை மந்திரியாகவும் பிறகு செனட்டராகவும் இருந்து 1865-இல் இறந்தவர். வாஷிங்டனில் நாடாளுமன்றக் கட்டடத்தில் மாநிலத்துக்கு இரண்டு சிலை வைத்திருக்கிறார்கள். வெர்மான்ட்டின் இரண்டில் ஒன்று இவருடையது. தெற்கே வின்ட்சர் ஊரில் வில்லியம் எவர்ட்ஸ். 1868-இல் ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜான்சனைப் பதவிநீக்கம் செய்யப் பார்த்தபோது அவருக்காக வாதாடிய வக்கீல், பின்னால் வெளியுறவு மந்திரி. சுதந்திர தேவி சிலைக்குப் பீடம் கட்ட நிதி திரட்டிய குழுவுக்கும் இவர்தான் தலைவர்.

சரி, நான் சொல்ல வந்தது பிளிமத் நாட்ச் பற்றி.

போன ஞாயிறு அங்கே போனோம். எங்கள் வீட்டிலிருந்து காரில் முக்கால் மணி நேரம். மலைக்கு நடுவில் பத்துப் பதினைந்து வீடு, ஒரு தேவாலயம், ஒரு பலசரக்குக் கடை, ஒரு பாலாடைக்கட்டி ஆலை, அவ்வளவுதான் ஊர். அந்தக் கடையை ஒட்டிய வீட்டில் 1872 ஜூலை 4-ஆம் தேதி பிறந்தவர் கால்வின் கூலிட்ஜ். அமெரிக்காவின் 30-ஆவது ஜனாதிபதி.

இந்த இடம் உங்களுக்குப் பிடிக்கும். 1923 ஆகஸ்டில் கூலிட்ஜ் துணை ஜனாதிபதி. லீவுக்கு அப்பா வீட்டுக்கு வந்திருக்கிறார். ஜனாதிபதி ஹார்டிங் சான் பிரான்சிஸ்கோவில் இறந்துவிட்டார். வீட்டில் போன் கிடையாது. நடு ராத்திரியில் ஆள் வந்து தந்தியைக் கொடுத்ததும், அப்பா மாடிப்படி ஏறி மகனைக் கூப்பிட்டிருக்கிறார். அவர் குரல் நடுங்கியதை மகன் கவனித்திருக்கிறார். அந்த அப்பா ஒரு நோட்டரி. அதிகாலை 2.47 மணிக்கு, மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில், 78 வயது அப்பா தன் மகனுக்கு ஜனாதிபதியாகப் பதவிப் பிரமாணம் செய்து வைத்தார். உங்களால் பிரமாணம் செய்து வைக்க முடியும் என்று எப்படித் தெரியும் என்று பின்னால் கேட்டார்களாம். முடியாது என்று எனக்குத் தெரியாதே என்றாராம். முப்பது வருஷம் சப்-ரிஜிஸ்தார் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து பத்திரம் எழுதியவர் நீங்கள். அந்த அறையில் நின்றபோது உங்கள் கையெழுத்தும், மையில் ஊறிப்போன அந்தக் கட்டை விரலும்தான் என் கண்முன் வந்தன. மாநில நோட்டரி செய்து வைத்தது செல்லுமா என்று சந்தேகம் கிளம்பியதால், அதே மாதத்தில் கூலிட்ஜ் வாஷிங்டனில் ஒரு நீதிபதி முன்னால் சத்தமில்லாமல் மறுபடி பிரமாணம் எடுத்திருக்கிறார்.

கல்லறைத் தோட்டம் ரோட்டைத் தாண்டி ஒரு செங்குத்தான சரிவில். கல் படிகளில் ஏறிப் போகவேண்டும். காவல் இல்லை, டிக்கெட் இல்லை. ஜனாதிபதியின் கல் ரொம்ப எளிமையானது. மேலே ஜனாதிபதி முத்திரை, பெயர், பிறந்த தேதி, இறந்த தேதி. என்ன பதவியில் இருந்தார் என்று ஒரு எழுத்து கிடையாது. அந்த முத்திரையை எடுத்துவிட்டால் பக்கத்தில் இருக்கிற விவசாயிகளின் கல்லுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. எனக்கு அந்தக் கல்லின் மேல் பெரிய மரியாதை வந்தது, அப்பா. ஒவ்வொரு ஜூலை 4-ஆம் தேதியும் வெள்ளை மாளிகையிலிருந்து ஒரு மலர் வளையம் இங்கே வருகிறது. மற்ற நாட்களில் புல்லும் காற்றும்தான்.

அவர் சொந்தங்களுக்கு நடுவில் கிடக்கிறார். ஏழு தலைமுறைக் கூலிட்ஜ்கள் அந்தச் சரிவில் இருக்கிறார்கள். பக்கத்தில் மனைவி கிரேஸ். அங்கேயே இளைய மகனும். அவன் பெயரும் கால்வின்தான். 1924 ஜூன் கடைசியில் அண்ணனோடு வெள்ளை மாளிகை மைதானத்தில் டென்னிஸ் ஆடியிருக்கிறான். காலுறை போடாமல் ஷூ போட்டதில் கால் விரலில் ஒரு கொப்புளம். அதில் விஷம் ஏறி ரத்தத்தில் கலந்துவிட்டது. ஜூலை 7-ஆம் தேதி போய்விட்டான், 16 வயது. பெனிசிலின் கண்டுபிடித்ததே 1928-இல்தான். தினமும் ஆஸ்பத்திரி லேபில் ரத்தத்தில் கிருமி பார்க்கிற எனக்கு அந்தக் கல்லை விட்டு நகர முடியவில்லை. இன்றைக்கு என்றால் ஊசி போட்டு ஒரு வாரத்தில் வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். அவன் போனபோது ஜனாதிபதி பதவியின் அதிகாரமும் பெருமையும் அவனோடு போய்விட்டன என்று கூலிட்ஜ் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

அப்புறம் அந்த நோட்டரி அப்பாவின் கல். 1926 மார்ச் 18 என்று தேதி. உடம்புக்கு முடியவில்லை என்று தெரிந்து மகன் வாஷிங்டனிலிருந்து ரயிலில் கிளம்பியிருக்கிறார். வீடு வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அதையும் எழுதியிருக்கிறார்: நான் வந்து சேர்ந்தபோது அவர் போய்விட்டார், ஜனாதிபதியாக இருப்பதற்கு நிறைய விலை கொடுக்கவேண்டியிருக்கிறது என்று.

அந்த வரி அம்மாவைக் கொண்டுவந்துவிட்டது. அம்மா போனபோது நான் விமானம் மாறி மாறி வந்து இறங்கியது மூன்றாம் நாள். பால் தெளித்து முடித்துவிட்டு நீங்கள் திண்ணையில் தலைக்குத் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். என்னைப் பார்த்ததும் "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டீர்கள். ஏன் வரவில்லை என்று இன்றுவரை நீங்கள் கேட்டதில்லை. ஒரு தேசத்தின் ஜனாதிபதிக்கே ரயில் நேரத்துக்கு வந்து சேரவில்லை என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். ஆறுதலாக இல்லை. ஆனால் அந்த மனுஷனோடு கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்த மாதிரி இருந்தது.

நம் அம்மாவுக்குக் கல் கிடையாது, தாமிரபரணியில் கரைத்துவிட்டோம். அதனால் படித்துறைக்குப் போகும்போதெல்லாம் என் சார்பில் ஒரு முழம் பிச்சிப்பூ ஆற்றில் விடுங்கள். அம்மாவுக்குப் பிச்சிதான் பிடிக்கும்.

உங்கள் கண் ஆபரேஷனுக்கு டாக்டர் தேதி கொடுத்ததும், சின்ன விஷயம்தானே என்று சொல்லாமல் விட்டுவிடாதீர்கள். அன்றைக்கே அண்ணனைவிட்டு எனக்குச் சொல்லச் சொல்லுங்கள். லீவு கேட்டு வைத்துவிட்டேன். இந்தத் தடவை ஒரு வாரம் முன்னாலேயே வந்துவிடுவேன்.

உங்கள் அன்பு மகள்