ஏழு மணி வகுப்பு

அன்புள்ள மகளுக்கு,

நலம், நலமறிய ஆவல். கிணற்றடித் தென்னை இந்த வருடமும் காய்க்கவில்லை. மற்ற சேதிகளைப் பிறகு எழுதுகிறேன். சென்ற ஞாயிறு பேரன் தொலைபேசியில், அம்மா இப்போதெல்லாம் சாயங்காலம் வீட்டில்தான் இருக்கிறாள் என்று சொன்னான். குழந்தை வாய்தவறிச் சொன்னது, அவனைக் கோபிக்காதே. நானும் உன்னை விசாரிப்பதற்காக இதை எழுதவில்லை.

திறந்தநிலைப் பள்ளியில் பதிந்த பதிவு ஐந்தாண்டு செல்லும் என்பதையும், அதற்குள் ஒன்பது தடவை தேர்வெழுதலாம் என்பதையும், தேறிய பாடத்தின் மதிப்பெண் அப்படியே நிற்கும் என்பதையும் நினைவூட்டத்தான் எழுதுகிறேன். ஒரு தடவைக்கு ஒரு பாடம் போதும். கணக்கைக் கடைசிக்கு வைத்துக்கொள். பனியன் கம்பெனியில் பகலெல்லாம் நின்றுவிட்டு, 38 வயதில் தன் தெருவில் இருக்கும் பெண்களோடு கூடிப் பத்தாம் வகுப்புக்குப் படிக்கிறாள் என் மகள் என்று டீக்கடை வரை சொல்லி வைத்திருக்கிறேன். அன்று கணக்கில் தவறியபோதும் நீ ஒரு வார்த்தை பேசாமல் புத்தகங்களைப் பரணில் ஏற்றினாய். அந்தப் பழக்கம்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. ஒரு தடவைக்கு ஒரு பாடம் போதும், தாயி.

1991-இல் நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது உனக்கு நான்கு வயது. சம்பளமில்லாத் தொண்டனாக நான் காளியம்மன் கோயில் திண்ணையில் அரிக்கேன் விளக்கை வைத்துக்கொண்டு, கல்லுடைத்துவிட்டு வரும் பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தேன். அ, ஆ என்று தொடங்காமல், அவர்கள் வாயில் தினம் புழங்கும் சொற்களிலிருந்தே தொடங்குவோம். ‘பட்டா’ என்று பலகையில் எழுதிய அன்று, வகுப்பு முடிந்தும் ஒருத்தியும் எழுந்து போகவில்லை. ஒவ்வொருத்தியும் தன் நிலத்தகராறைச் சொல்லித் தீர்த்தாள். அடுத்த ஆண்டு அதே பெண்கள், குழந்தையை முன்கம்பியில் உட்காரவைக்கலாம் என்று ஆண்கள் சைக்கிளையே கேட்டு வாங்கி ஓட்டப் பழகினார்கள். நாலு நாள் வராதவளின் வீட்டுக்குப் போய், அவள் புருஷனிடமும் மாமியாரிடமும் மன்றாடி அழைத்து வந்ததுதான் நான் செய்த வேலையில் பாதி.

எத்தனையோ வீட்டு வாசலில் நின்ற நான், என் வீட்டு வாசலில் நிற்கவில்லை. வகுப்பு ஏழு மணிக்கு. எனக்குச் சோறு ஏழு மணிக்குள் தயாராக வேண்டும், ஒன்பது மணிக்குத் திரும்பினால் வெந்நீர் வேண்டும். நடுவில் உன்னை மடியில் போட்டுக்கொண்டு உன் அம்மா காத்திருந்தாள். நானும் வரட்டுமா என்று அவள் ஒருமுறை கேட்டாள். பிள்ளையை யார் பார்ப்பது என்றேன். அவள் மறுபடி கேட்கவில்லை. கூட்டுறவு வங்கியில் அவள் கட்டைவிரலை மையில் ஒற்றும்போதெல்லாம் நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டுதான் நின்றிருக்கிறேன். ஆகையால் மாப்பிள்ளையைக் குறைசொல்லும் தகுதி எனக்கில்லை. உங்கள் வகுப்பும் ஏழு மணிக்குத்தான் என்று நீ சொன்ன ஞாபகம்.

நம் ஊர்ப் பள்ளியில் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தின் வகுப்பு, பிள்ளைகள் போனபின் நாலரைக்கு நடக்கிறது. அம்மா ஆடி மாதத்திலிருந்து போகிறாள். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றாள், வெட்கம். இப்போது மணி நாலே கால். சிலேட்டை முந்தானையில் மறைத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். உலை நான் வைக்க வேண்டும். மாப்பிள்ளைக்குத் தனியே ஒரு கடிதம் எழுதட்டுமா, வேண்டாமா என்பதை மட்டும் தெரிவி.

இப்படிக்கு,
அப்பா