மூன்று டம்ப் எடுத்த பிறகு ரீஸ்டார்ட் செய்

அன்புள்ள மாப்ள,

உன் கடிதம் வந்தது. வீட்டில் எல்லோரும் சுகம். அம்மா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்கள். இங்கே தடைக்காலம் நடக்கிறது. ஏப்ரல் 15-ல் தொடங்கியது, ஜூன் 14 வரை விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது. மண்டபம் வடகடல் பக்கம் படகுகளெல்லாம் வரிசையாகக் கட்டிக் கிடக்கின்றன. சிலவற்றைக் கரையேற்றி, அடியில் ஒட்டிய சிப்பியைச் சுரண்டிப் பெயின்ட் அடிக்கிறார்கள். சந்தைக்கு வருவது நாட்டுப்படகு மீன் மட்டும்தான். விலையைக் கேட்டால் நீ வந்த பஸ்ஸிலேயே ஓசூருக்குத் திரும்பிவிடுவாய். பாம்பனில் புது ரயில் பாலம் 2025 ஏப்ரலில் திறந்துவிட்டார்கள். கப்பல் வந்தால் நடுத்துண்டு அப்படியே செங்குத்தாக மேலே போகிறது. பார்க்க வேண்டிய காட்சி.

சரி, உன் ஜாவா சர்வர் கதைக்கு வருகிறேன். "காலை பத்து மணிக்குத் தொங்கிவிடுகிறது, ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடுகிறது" என்று எழுதியிருக்கிறாய். சரியாவதில்லை மாப்ள, தடயம் அழிகிறது, அவ்வளவுதான். மேனேஜர் பின்னால் நின்று கத்தினாலும் அரை நிமிடம் தள்ளிப்போடு. அந்த நேரத்தில் மூன்று த்ரெட் டம்ப் எடு, ஒவ்வொன்றுக்கும் நடுவில் பத்து விநாடி விட்டு. த்ரெட் என்பது சர்வருக்குள் ஒரு வேலையைச் செய்யும் இழை; ஒவ்வொரு த்ரெட்டும் நிரலின் எந்த வரியில் நிற்கிறது என்ற பட்டியல்தான் டம்ப். ஒரே ஒரு டம்ப்பை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அது அந்த நொடியில் யார் எங்கே நின்றார்கள் என்பதை மட்டும் காட்டும். மூன்றிலும் ஒரே த்ரெட் ஒரே வரியில் நின்றால்தான் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

எடுப்பது சுலபம். ஜாவாவின் ஜேஸ்டாக் கருவியைச் சர்வரின் ப்ராசஸ் எண்ணோடு ஓட்டினால் போதும், ஆனால் சர்வர் எந்த யூசரில் ஓடுகிறதோ அதே யூசரில் ஓட்ட வேண்டும். ஜேஸ்டாக் இல்லாத மெஷின் என்றால் 'கில் -3' கொடு. பெயரைப் பார்த்துப் பயப்படாதே, ஜாவா ப்ராசஸ் சாகாது. டம்ப் உன் திரையிலும் வராது, சர்வரின் அவுட்புட் லாகில் போய் விழும். ஜாவா வெப் சர்வரான டாம்கேட் என்றால் பெரும்பாலும் கேட்டலினா டாட் அவுட். அங்கே தேடத் தெரியாமல் "டம்ப்பே வரவில்லை" என்று சொன்னவர்களைப் பார்த்திருக்கிறேன்.

திறந்தால் ஆயிரக்கணக்கில் வரி இருக்கும். டாம்கேட்டில் வேலை செய்யும் த்ரெட் 200 வரை போகும், அது டீஃபால்ட். அதில் டாஸ்க் க்யூவில், அதாவது அடுத்த வேலைக்கான வரிசையில், காத்திருப்பவை வேலையில்லாமல் சும்மா இருப்பவை. அவற்றைத் தள்ளிவிடு. சர்வர் தொங்கும்போதும் நிறைய த்ரெட் சும்மா இருந்தால், சிக்கல் சர்வருக்கு வெளியே, முன்னால் நின்று கோரிக்கைகளைப் பிரித்து அனுப்பும் லோடு பேலன்சர் பக்கமாக இருக்கலாம். ப்ளாக்டு என்று போட்டிருப்பவற்றில் எந்த லாக்குக்காக (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட் மட்டும் பிடிக்கக்கூடிய பூட்டு) நிற்கின்றன என்று முகவரி இருக்கும். அதே முகவரியைப் பிடித்து வைத்திருப்பது யார் என்று ஃபைலில் தேடினால் ஆள் கிடைத்துவிடுவான்.

இங்கே ஒரு மீன் ஏற்றுமதிக் கம்பெனி அப்ளிகேஷனில் போன வருஷம் நான் பார்த்ததைச் சொல்கிறேன். உன்னுடையதும் இதே ஜாதி என்றுதான் என் சந்தேகம். சிபியு ஏறவே இல்லை, மெமரியும் நன்றாக இருந்தது. ஆனால் ஒரு பக்கமும் திறக்காது, அரை நிமிடம் கழித்து எரர் வரும். டம்ப்பில் முக்கால்வாசி த்ரெட்டுகள், டேட்டாபேஸ் இணைப்புகளைத் தயாராக வைத்துப் பகிர்ந்து கொடுக்கும் ஹிகாரி பூலில் கனெக்‌ஷன் கேட்டு நின்றன. எல்லோரும் டேட்டாபேஸைக் குறை சொன்னார்கள். டேட்டாபேஸோ நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது. நான் நிற்பவர்களை விட்டுவிட்டு, கனெக்‌ஷனை வாங்கி வைத்திருப்பது யார் என்று தேடினேன். ஹிகாரியில் டீஃபால்ட்டாகப் பத்து கனெக்‌ஷன்தான். சரியாகப் பத்து த்ரெட், மூன்று டம்ப்பிலும் அதே இடம்: சாக்கெட் ரீட், அதாவது நெட்வொர்க் பதிலைப் படிக்கக் காத்திருக்கும் இடம். ஸ்டாக்கில், அதாவது எது எதைக் கூப்பிட்டது என்ற பட்டியலில், கீழே இறங்கிப் போனால் எஸ்எம்எஸ் அனுப்பும் வெளி சேவையைக் கூப்பிடும் வரி, அதற்கும் கீழே டேட்டாபேஸ் டிரான்ஸாக்‌ஷன் தொடங்கும் வரி. அதாவது கனெக்‌ஷனைக் கையில் வைத்துக்கொண்டே, பதில் சொல்லாத ஒரு சர்வருக்காகக் காத்திருந்தன. ஜெட்டியில் டீசல் போட வந்த படகுக்காரர் குழாயைத் தொட்டியில் சொருகிவிட்டுப் போனில் பேசிக்கொண்டே நின்றால் பின்னால் உள்ளவர்கள் கதி என்ன, அதேதான்.

அந்த எஸ்எம்எஸ் அழைப்பில் டைம்அவுட்டே, அதாவது எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்ற வரம்பே, வைக்கவில்லை. ஜாவாவின் பழைய ஹெச்டிடிபி யூஆர்எல் கனெக்‌ஷனில் ரீட் டைம்அவுட் டீஃபால்ட்டாகப் பூஜ்யம், அதாவது முடிவே இல்லாமல் காத்திருக்கும். அரை நிமிட எரர் எங்கிருந்து வந்தது தெரியுமா? ஹிகாரி ஒரு கனெக்‌ஷனுக்காக 30 விநாடிதான் காத்திருக்கும். கடைசியில் டைம்அவுட் வைத்து, எஸ்எம்எஸ்ஸை டிரான்ஸாக்‌ஷன் முடிந்த பிறகு அனுப்பும்படி மாற்றினோம். முதலில் பூல் அளவை ஐம்பதாக்கலாம் என்று ஒருவர் சொன்னார். ஐம்பதும் மாட்டியிருக்கும், கொஞ்சம் தாமதமாக.

இதில் ஆளை ஏமாற்றுவது என்னவென்றால், அந்தப் பத்து த்ரெட்டிலும் 'ரன்னபிள்' என்றுதான் போட்டிருந்தது. நெட்வொர்க் பதிலுக்காக ஆபரேட்டிங் சிஸ்டத்திடம் காத்திருப்பது ஜாவாவுக்குத் தெரியாது, ஓடுகிறது என்றே எழுதிவைக்கும். எனவே நிலையைப் பார்த்து நிறுத்திவிடாதே, ஸ்டாக்கின் மேல் வரியைப் பார். அதேபோல டெட்லாக் (ஒன்றிடம் உள்ள லாக்குக்காக மற்றொன்று என்று த்ரெட்டுகள் மாறி மாறி நிற்பது) இருந்தால் டம்ப்பின் கடைசியில் அதுவே சொல்லிவிடும், ஆனால் ஜாவா லாக்குகளை மட்டும்தான். டேட்டாபேஸில் இரண்டு பேர் ஒரே ரோவுக்காக முறைத்துக்கொண்டிருந்தால் அங்கே ஒரு வார்த்தை இருக்காது.

உன் சர்வரில் சிபியு நூறைத் தொட்டால் கதையே வேறு. அப்போது த்ரெட் வாரியாகச் சிபியு காட்டும் 'டாப் -ஹெச்' போட்டு, அதிகம் தின்னும் த்ரெட்டின் எண்ணை ஹெக்ஸாக (16 அடிமான எண்) மாற்றி, டம்ப்பில் 'நிட்' என்று இருக்கும் எண்ணோடு பொருத்திப் பார். நீங்கள் இன்னும் ஜாவா 8-ல்தானே இருக்கிறீர்கள், அதில் ஹெக்ஸில்தான் இருக்கும். கிடைத்தது ஜிசி (வேண்டாத மெமரியைக் காலிசெய்யும்) த்ரெட் என்றால் மெமரிப் பக்கம் போ.

அடுத்த முறை தொங்கும்போது எடுத்த மூன்றையும் எனக்கு அனுப்பு. மெமரியையே நகல் எடுக்கும் ஹீப் டம்ப்பில் வருவதுபோல வாடிக்கையாளர் விவரமெல்லாம் இதில் பொதுவாக வராது, எந்த வரியில் நிற்கிறது என்பதுதான் இருக்கும். இருந்தாலும் உங்கள் ஆபீஸில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அனுப்பு. அப்புறம், ஊருக்கு வருவதென்றால் ஜூன் கடைசியில் வா, அதற்கு முன்னால் வந்தால் கருவாட்டுக் குழம்புதான்.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்,
மண்டபம்