முட்டை வரவு

கர்த்தருக்குள் அன்பான பாப்பாவுக்கு அம்மா எழுதிக்கொண்டது. தோத்திரம். நானும் அப்பாவும் சுகம். ஐப்பசி மழை நன்றாகப் பெய்து ஊருணி நிறைந்துவிட்டது.

போனில் பேசலாம்தான். ஆனால் பாதிப் பேச்சில் "அம்மா, கேஷுவாலிட்டி" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை வைத்துவிட்டாலும் திரும்ப எடுக்கலாம், அதனால்தான் எழுதுகிறேன்.

ஓ.பி. சீட்டுக்கு ஐம்பது ரூபாய்கூட இல்லாமல் வருகிறார்கள், மனசு கேட்கவில்லை, என் சம்பளத்திலிருந்தே கட்டிவிடுகிறேன் என்றாய். அப்புறம் வேறொரு பேச்சில், இலவசமாகவே பார்த்தும் சொன்ன தேதிக்குத் திரும்ப வருவதில்லை என்று வருத்தப்பட்டாய். இந்த இரண்டும் ஒரே விஷயம் என்று உனக்குத் தோன்றவில்லை. எனக்குத் தோன்றவே இரண்டு வருஷம் ஆனது.

1986-ல் நான் கல்லல் பக்கத்து மிஷன் டிஸ்பென்சரியில் வேலைக்குச் சேர்ந்த புதிது. கரிமூட்டம் போடுகிற குடும்பத்துப் பெண் ஒருத்தி தலைப்பிரசவத்துக்கு வந்தாள். என் வயதுதான் இருக்கும். நகக்கண்ணில் இருந்த கரி, நான் எவ்வளவு தேய்த்துக் கழுவியும் போகவில்லை. சுகப்பிரசவம். கட்டணம் பதினைந்து ரூபாய், அப்புறம் தருகிறேன் என்று போனாள். சில நாள் கழித்து ஓலைக் கொட்டானில் வைக்கோல் பரப்பி ஆறு நாட்டுக்கோழி முட்டை கொண்டுவந்து நீட்டினாள். நான் பெரிய மனுஷி மாதிரி, "வேண்டாம் ஆத்தா, நீயே அவிச்சுத் தின்னு, பால் ஊறும்" என்று கொட்டானைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். உள்ளுக்குள்ளே எனக்கு ஒரே பெருமை. அவள் ஒன்றும் சொல்லவில்லை. மூடியை அழுத்தி மூடினாள். ஓலை நுனி ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தது, அதை உள்ளே சொருகிவிட்டுப் போனாள்.

அடுத்த பிரசவத்துக்கு அவள் வரவில்லை. வீட்டிலேயே பெற்று, நஞ்சுக்கொடி விழாமல், ராத்திரி கயிற்றுக் கட்டிலில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஜீப்பில் ஏற்றித் திருப்பத்தூர் சுவீடிஷ் மிஷன் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். அவள் பிழைத்தாள். பிள்ளை தங்கவில்லை. திரும்பி வந்தபோது, "ஏன் ஆத்தா முன்னாடியே வரல?" என்று கேட்டேன். "போன கடனே நிக்குதேக்கா, எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வர்றது?" என்றாள்.

எங்கள் பெரிய சிஸ்டர் நாகர்கோவில்காரர். அன்றைக்குச் சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு வரவு நோட்டைத் திறந்து காட்டினார். பத்து முட்டை, முருங்கைக்கீரை இரண்டு கட்டு, விறகு ஒரு சுமை, கருவாடு. ஒவ்வொன்றுக்கும் எதிரே ரூபாய்க் கணக்கு, ரசீது நம்பர். முட்டை வார்டுக்கு, கீரை கஞ்சிக்கு, விறகு வெந்நீர் அடுப்புக்கு. "குடுக்க வந்தவள பிச்சக்காரி ஆக்கிட்டியே மக்ளே" என்றார். அவ்வளவுதான், வேறு திட்டவில்லை. திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

அப்போதுதான் உன் தாத்தா ஞாபகம் வந்தது. மிஷன் போர்டிங்கில் என்னைச் சேர்த்தபோது அவரிடம் பணம் ஏது? ஒவ்வொரு தவணைக்கும் நிலக்கடலை மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தே வருவார். வார்டன் அம்மா அளந்துபார்த்து, முத்திரை குத்தி ரசீது கொடுப்பார்கள். ஊரில் எங்களை "பால்பவுடருக்கும் மாவுக்கும் வேதத்துல சேர்ந்த கூட்டம்" என்று கேலி பேசின காலம் அது. அமெரிக்கப் பால்பவுடர் வந்து இறங்கியது உண்மைதான், நானும் கட்டி கட்டியாகக் குடித்தவள்தான். தாத்தாவுக்கு வாயாடத் தெரியாது. யாராவது பேசினால் மடியிலிருந்து ரசீதை எடுத்து நீட்டுவார். அவருக்கு எழுத்து தெரியாது. எது எந்த ரசீது என்று முத்திரையின் மசிக் கறையை வைத்தே கண்டுபிடிப்பார். டிரங்குப் பெட்டியில் இன்னும் நாலு கிடக்கிறது.

மாத்திரைக்கு வராதவர்களைப் பற்றியும் கேட்டாய். தொழுநோய்க்குக் கூட்டு மருந்து கொடுக்கச் சொல்லி உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது 1981-ல். எங்கள் பக்கம் அது வந்தபோது, அதில் ஒன்றான ரிபாம்பிசின் சாப்பிட்டால் சிறுநீர் சிவப்பாகப் போகும் என்று ஒருவரிடம் சொல்ல மறந்துவிட்டேன். ரத்தம் என்று பயந்து ஓடிவிட்டார். மூன்று ஊர் அலைந்து பிடித்தோம். அதிலேயே இன்னொரு மருந்தான குளோபசிமின் தோலைக் கருக்க வைக்கும், அது வேறு ஊருக்கே காட்டிக்கொடுக்கும்.

செருப்புக் கதை உனக்குத் தெரியாது என்று நினைக்கிறேன். தொழுநோயில் மரத்துப்போன காலுக்கு எம்.சி.ஆர். என்கிற மெத்து ரப்பர் செருப்பு என்று வேலூரில் தொழுநோயாளிகளைப் பார்த்த பிராண்டு டாக்டர் ஆட்கள் கொண்டுவந்தார்களே, அதை நாங்களும் கொடுத்தோம். நல்ல செருப்பு, புண் ஆறும். ஆனால் எல்லாருக்கும் ஒரே மாதிரி வார். செருப்பைப் பார்த்தாலே இன்னார் என்று தெரிந்துவிடும். ஊர் எல்லை வந்ததும் கழற்றிக் கருவேலம் புதரில் ஒளித்துவிட்டு வெறுங்காலோடு போவார்கள். கடைசியில் தேவகோட்டையில் செருப்பு தைக்கிற ஒருவரிடம் அந்த மெத்தை அடிப்பாகத்தைக் கொடுத்து, மேலே சாதாரணத் தோல் வார் வைத்துத் தைத்து வாங்கினோம். அதற்கப்புறம் போட்டார்கள். சிலர் சந்தைக்கே போட்டுக்கொண்டு போனார்கள்!

மிஷன்காரர்கள்தான் எல்லாம் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. காரைக்குடிக்கு 1947-ல் கல்லூரி கொண்டுவந்தவர் அழகப்பச் செட்டியார். எங்கள் பிரசவ அறையில் வெந்நீர் போட்ட பித்தளை அண்டா ஒரு ஆச்சி கொடுத்தது. போர்டில் பேர் எழுதட்டுமா என்று கேட்டதற்கு, "அதான் அண்டாவுலயே வெட்டியிருக்கே" என்றார்கள். நம்மவர்களும் சுத்தம் இல்லை. செத்தவர்களைப் புதைக்கிற இடத்திலேயே சாதிக்கு ஒரு பக்கம் பிரித்து வைத்த கல்லறைத் தோட்டத்தைப் பார்த்தவள் நான். அதைப் பேசினால் இந்தக் கடிதம் முடியாது.

வேலூரில் டாக்டருக்குப் படிக்கப் போன முதல் வருஷம், அந்த ஆஸ்பத்திரியைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் கதையை எனக்குப் போனில் சொன்னாய். ஆண் டாக்டர் பார்க்கக்கூடாது என்று ஒரே ராத்திரியில் மூன்று பெண்கள் செத்துப்போன கதை. சொல்லும்போது அழுதாய். ராத்திரி அவர் வீட்டுக் கதவைத் தட்டி வந்து நின்றார்களே அந்த மூன்று புருஷன்மார், எனக்கு அவர்கள் ஞாபகம்தான் வந்தது. அவர்களுக்கும் ஒரு மானம், ஒரு முறை இருந்தது. அதற்கு இடம் கொடுக்கிற மாதிரிப் பெண் டாக்டர் இல்லை, அவ்வளவுதான்.

ஆகையால் இனிமேல் உன் கையிலிருந்து கட்டாதே. உங்கள் கணக்கு அலுவலகத்தில் பேசு. பொருளாக வாங்கி வரவு வைக்க முடியுமா, தவணை எழுத முடியுமா என்று கேள். ஆடிட்டர் ஒத்துக்கொள்ள மாட்டார் என்பார்கள். பெரிய சிஸ்டரும் ஒவ்வொரு வருஷமும் ஆடிட்டரோடு சண்டை போட்டவர்தான். உயிர் போகிற கேஸ் என்றால் யாரையும் கேட்காதே, முதலில் பார். அது வேறு.

படிப்புக்காக எழுதிக்கொடுத்த பத்திர ஒப்பந்தம் இரண்டு வருஷத்தில் ஏழு மாதம் போய்விட்டது என்று நாள் எண்ணுகிறாயாம், உன் தம்பி சொன்னான். எண்ணிக்கொள், தப்பில்லை. நானும் முதல் வருஷம் எண்ணினேன்.

பார்சலில் சீப்புச் சீடையும் மணகோலமும் அனுப்புகிறேன். மெஸ்ஸில் ரொட்டி சுடுகிற அம்மாவுக்குப் பாதி கொடு. பதிலுக்கு ஏதாவது தந்தால் வாங்கிக்கொள். மாவில் உப்பு சற்று தூக்கல், அப்பாதான் இரண்டு தடவை போட்டுவிட்டார்.

அம்மா