பழைய குளிர்பதனப் பெட்டியும் வீட்டுப் பீரும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சிங்கப்பூரில் 2021 ஜூலை 1 முதல், புதிய குளிர்பதனப் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவரும் கடைக்காரர், கேட்டால் பழையதை இலவசமாக எடுத்துச் செல்லவேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அப்படி மறுபயனீட்டுக்குப் போகும் பெட்டிகளில், கதவு துருப்பிடித்திருந்தாலும் நன்றாகவே குளிர்பவை உண்டு. வீட்டில் பீர் தயாரிக்கத் தொடங்குவோருக்கு, நொதிக்கும் வாளியைக் குளிர்ச்சியாக வைத்திருக்க அதைவிட உதவும் கருவி வேறில்லை. எஃகுப் பாத்திரங்களுக்குப் பல நூறு வெள்ளி செலவழித்துவிட்டு, நொதிக்கும் வாளியை 30 பாகை அறையில் வைப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு விளக்கம். ‘பீர் காய்ச்சுகிறார்கள்’ என்றதும் நம்மவர்களுக்குச் சாராயம் நினைவுக்கு வரும். சாராயத்தில், நொதித்ததைக் கொதிக்கவைத்து ஆவியை வடிக்கிறார்கள்; அது இங்கே குற்றம். பீரில் கொதிப்பது மதுவே சேராத மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) சாறு. நொதிப்பு அதற்குப் பிறகு. சொந்த உபயோகத்துக்குப் பீர் தயாரிப்பது இங்கு 2004லிருந்து அனுமதிக்கப்பட்டிருக்கிறது: 18 வயது நிரம்பியிருக்கவேண்டும், ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டர்தான், விற்கக் கூடாது.

வெப்பம் ஏன் இவ்வளவு முக்கியம்? ‘ஏல்’ வகைப் பீருக்கான வழக்கமான ஈஸ்ட் (நொதிக்கவைக்கும் நுண்ணுயிர்) 18 முதல் 20 பாகை செல்சியஸில் ஒழுங்காக வேலை செய்யும். நொதிப்பு தானே சூடு உண்டாக்குவதால், வாளிக்குள் இருப்பது அறையைவிட 3 முதல் 5 பாகை வரை ஏறும். நம் வீட்டுக் கூடத்தில் அது 33ஐத் தொட்டுவிடும். அந்தச் சூட்டில் ஈஸ்ட் கனமான ஆல்கஹால்களையும் எஸ்டர்கள் என்ற மணப்பொருள்களையும் அதிகம் சுரக்கும். நகப்பூச்சு நீக்கியின் நெடியும் தொண்டை எரிச்சலும் அதனால்தான். முதல் மூன்று நாளில் சேர்ந்த அந்தச் சுவை பிறகு எத்தனை வாரம் வைத்தாலும் போகாது. நார்வே நாட்டுப் பண்ணைகளின் குவைக் ஈஸ்ட் 35 பாகையிலும் சுத்தமாக நொதிக்கும். பெட்டி வைக்க இடமே இல்லாதவர்களுக்கு அது நல்ல வழி. ஆனால் அதன் ஆரஞ்சு மணம் எல்லா வகைப் பீருக்கும் பொருந்தாது.

பழைய பெட்டியிலும் திருகும் குமிழ் உள்ளதையே தேடுங்கள். வாளியை 19 பாகையில் வைத்திருக்க நாம் வெளியே பொருத்தும் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி, பெட்டிக்குப் போகும் மின்சாரத்தையே துண்டித்துத் துண்டித்து இணைக்கும். குமிழ் உள்ள பெட்டி மின்சாரம் வந்ததும் ஓடத் தொடங்கும். மின்னணுப் பலகை உள்ளவற்றில் சில, ஒவ்வொரு முறையும் தொடக்க நிலைக்குத் திரும்பிவிடும். வேகத்தை மாற்றி மாற்றி ஓடும் இன்வெர்ட்டர் கம்ப்ரசர் இப்படி அடிக்கடி துண்டிக்கப்படுவதற்காகச் செய்யப்பட்டதல்ல. இந்த வேலைக்குப் புதியதைவிடப் பழையதே மேல். பழைய பொருள்கள் விற்ற சுங்கை ரோடு சந்தை 2017 ஜூலை 10ஆம் தேதி மூடப்பட்ட பிறகு இத்தகைய பொருள்களை நேரில் பார்த்து வாங்குவது கடினமாகிவிட்டது. வீடுவீடாகப் பழைய பொருள் வாங்கும் காராங் குனிக்காரர்களிடம் சொல்லிவைத்தால் கிடைக்கும்.

வாங்குமுன் அரை மணி நேரம் ஓடவிட்டுப் பாருங்கள். கதவு இடுக்கில் ஒரு இரண்டு வெள்ளி நோட்டை வைத்து மூடி இழுங்கள். தடையில்லாமல் வந்தால் ரப்பர் விளிம்பு தளர்ந்திருக்கிறது. முடி உலர்த்தியால் மெல்லச் சூடேற்றினால் பெரும்பாலும் பழைய வடிவுக்கு வந்துவிடும். சில நிமிடத்துக்கு ஒருமுறை ‘டிக்’ என்று கேட்டு, கம்ப்ரசர் ஓடாவிட்டால், அதன் பக்கத்திலிருந்து அதை முடுக்கிவிடும் தொடக்க ரிலே போயிருக்கலாம். மலிவான பாகம்தான். கம்ப்ரசர் ஓடியும் குளிரவில்லையென்றால் வாயு கசிந்திருக்கக்கூடும். அந்தப் பெட்டியை மறுபயனீட்டுக்கே கொடுத்துவிடுங்கள். கசிவை அடைத்து வாயு நிரப்பும் செலவு கட்டாது.

கட்டுப்பாட்டுக் கருவியில் எஸ்டிசி-1000 மலிவு. ஆனால் அதன் பின்புறம் 230 வோல்ட் முனைகள் திறந்தே இருக்கும். மின்வேலை தெரியாதவர்கள் செருகுகுழியோடு வரும் ஆயத்தக் கருவியை வாங்குவதே முறை. எதுவானாலும் பெட்டிக்கு வெளியே வையுங்கள். ஆர்600ஏ என்று பின்னால் அச்சிட்டிருந்தால் உள்ளே இருப்பது ஐசோபியூட்டேன், தீப்பற்றும் வாயு. கருவியில் மின்சாரத்தைத் துண்டித்து இணைக்கும் ரிலேயின் பொறி பெட்டிக்கு உள்ளே இருக்கவே கூடாது. கருவியோடு இணைந்த, வெப்பத்தை அளக்கும் உணரியின் கம்பிக்காகப் பக்கச் சுவரில் துளை போடாதீர்கள். பல பெட்டிகளில் சூடு வெளியேற்றும் குழாய்கள் அந்தச் சுவருக்குள்தான் ஓடுகின்றன. மெல்லிய கம்பி கதவு ரப்பரைத் தாண்டி அடங்கிப் போகும்.

உணரியை எங்கே வைப்பது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். காற்றில் தொங்கவிட்டால் காற்று நொடியில் குளிரும், கருவி பெட்டியை நிறுத்தும், பீர் மட்டும் சூடாகவே இருக்கும். கம்ப்ரசரும் ஓயாமல் நின்று நின்று ஓடும். வாளியின் பக்கத்தில், சாற்றின் மட்டத்துக்குக் கீழே ஒட்டி, மேலே ஒரு விரற்கடை தடிமனுள்ள நுரைப்பஞ்சை அழுத்திக் கட்டுங்கள். அதற்கு முன் உணரியை, நொறுக்கிய பனிக்கட்டியும் நீரும் கலந்த குவளையில் வைத்துப் பாருங்கள்; 0 காட்டவேண்டும், விலகினால் அந்த வேறுபாட்டைக் கருவியில் திருத்தலாம். இலக்கு 19, ஏற்ற இறக்கம் 0.5, கம்ப்ரசர் தாமதம் 5 நிமிடம். தாமதம் தேவைப்படுவது, நின்ற உடனே குழாயில் அழுத்தம் இறங்காததால். உடனே முடுக்கினால் கம்ப்ரசர் திணறிச் சூடேறும். பெட்டியின் குமிழை மிகக் குளிர்ந்த நிலைக்குத் திருப்பிவிடுங்கள். கருவியின் சூடேற்றும் பகுதிக்கு நம் நாட்டில் வேலையே இல்லை.

பழைய கணினியிலிருந்து கழற்றிய 12 வோல்ட் விசிறி ஒன்றை, பழைய ரௌட்டரின் 12 வோல்ட் அடாப்டரில் மாட்டி உள்ளே வைத்தால் காற்று சுழலும், பூஞ்சைக்காளான் குறையும். கைத்தொலைபேசி மின்னேற்றியின் 5 வோல்ட்டில் சில விசிறிகள் சுழலத் தொடங்கா. உணரி, ரிலே போன்ற சில்லறைப் பாகங்களுக்கு, மின்னணுக் கடைகள் உள்ள சிம் லிம் டவர் இருக்கிறது.

இனிச் செய்முறை: 20 லிட்டருக்கு 4.5 கிலோ வெளிர் மால்ட், 66 பாகை நீரில் ஒரு மணி நேர ஊறல், பிறகு கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூக்களுடன் ஒரு மணி நேரக் கொதி. நீரோடு ஒப்பிட்ட தொடக்க அடர்த்தி ஏறத்தாழ 1.048 வரும். சாற்றைக் குளிர்விக்கும்போது நம் குழாய்த் தண்ணீர் கைவிடும். அதுவே 28 பாகைக்கு மேல் இருப்பதால், அது ஓடும் செப்புச் சுருள் சாற்றை 32 வரை கொண்டுவந்தால் பெரிது. அதற்குமேல் பனிக்கட்டி நீரை மீன்தொட்டி பம்பால் சுருளுக்குள் சுழற்றலாம். இல்லையேல் வாளியைச் சுத்தமாக மூடி இரவு முழுவதும் பெட்டியில் வைத்து, காலையில் ஈஸ்ட் போடலாம். சூட்டில் ஈஸ்ட் போட்டுவிட்டுப் பிறகு குளிரவைப்பது தவறு.

20 கிலோவைக் கண்ணாடித் தட்டு தாங்காது. அடியில் ஒட்டுப்பலகை போடுங்கள். நொதிப்பு முடிவதற்குள் சுமார் 700 கிராம் கரியமில வாயு, அதாவது ஏறத்தாழ 400 லிட்டர் வெளியேறும். பெட்டி சேமிப்பறையில் இருந்தால் அறைக் கதவைத் திறந்துவையுங்கள், பெட்டிக்குள் தலையை விடாதீர்கள்.

புட்டியில் அடைப்பதில் அவசரம் ஆபத்து. மூன்று நாள் இடைவெளியில் எடுத்த இரண்டு ஹைட்ரோமீட்டர் (அடர்த்திமானி) அளவுகள் ஒன்றாக இருந்தால்தான் நொதிப்பு முடிந்ததாகப் பொருள். 20 பாகைக்கு அளவிடப்பட்ட ஹைட்ரோமீட்டர் 30 பாகையில் சுமார் 0.0025 குறைத்துக் காட்டும்; இரண்டையும் ஒரே சூட்டில் எடுங்கள். அதன்பின் 2 பாகையில் இரண்டு நாள் வைத்தால் ஈஸ்ட் படியும். அப்போது உள்ளிருக்கும் வாயு சுருங்கி ஏர்லாக்கின் (வாளி மூடியில் வாயுவை வெளியே விடும் நீரடைப்பு) தண்ணீரைப் பீருக்குள் இழுத்துவிடும் என்பதால், முன்கூட்டியே தண்ணீரைக் கொட்டிவிட்டுத் துளையைச் சுத்தமாக அடைத்துவிடுங்கள். புட்டிக்குள் வாயு ஏறுவதற்கு லிட்டருக்கு 6 கிராம் சர்க்கரை போதும். கூடினாலோ நொதிப்பு முடியாமல் இருந்தாலோ புட்டி வெடிக்கும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் பிள்ளைகள் நடமாடும் இடத்தில் கண்ணாடி சிதறுவது சிறிய விஷயமல்ல. தடித்த பழுப்புப் புட்டிகளை, குளிர்பதனப் பெட்டிக்கு வெளியே, மூடியுள்ள வேறு பெட்டியில் அடுக்கிவையுங்கள். நம் வெப்பத்தில் பத்து நாளில் வாயு ஏறிவிடும்.

புதிய பெட்டி வரும் நாளில், பழையதை ஏற்றுவதற்கு முன் அதன் கதவைத் திறந்து உள்ளே கையை வைத்துப் பார்க்கும்படி வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன். குளிர்ந்தால், தேவைப்படுபவர் ஒருவர் அடுத்த புளோக்கிலேயே இருக்கலாம்.

இங்ஙனம்,
வீட்டில் பீர் தயாரிக்கும் வாசகர், சிங்கப்பூர்