செய்தி எழுதப் பழகும் பிள்ளைக்கே அதன் சாய்வு தெரியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொய்ச் செய்திகளை நம்பக் கூடாது, வாட்ஸ்அப்பில் வருவதையெல்லாம் பகிரக் கூடாது என்று பள்ளிப் பிள்ளைகளுக்கு அறிவுரை சொல்லும் கூட்டங்கள் சேலம் மாவட்டத்தில் இப்போது அடிக்கடி நடக்கின்றன. அவற்றின் நோக்கத்தில் குறையில்லை. ஆனால் எது செய்தி, எது ஒருவர் தம் விருப்பத்துக்கு வளைத்துச் சொன்னது என்று பிரித்தறியும் திறன் அறிவுரையால் வருவதில்லை. சேலத்திலும் ஏற்காட்டிலும் தமிழாசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்று, இப்போது ஒரு கிளை நூலகத்தில் சனிக்கிழமைகளில் பிள்ளைகளோடு சேர்ந்து சுவரிதழ் தயாரித்து வருகிறேன். தானே விசாரித்து, தானே எழுதி, தலைப்பிட்டு, ஊரார் நின்று படிக்கும்படி சுவரில் ஒட்டிய பிள்ளைதான் அடுத்தவர் எழுதிய செய்தி எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைக் கண்டுகொள்கிறது என்பதை அங்கே பார்க்கிறேன். ஆகவே செய்தி எழுதும் பயிற்சி எட்டாம் வகுப்பிலிருந்தாவது பள்ளியின் வழக்கமான வேலைகளில் ஒன்றாக வேண்டும் என்றும், அதில் தங்கள் நாளிதழும் பங்கெடுக்க வேண்டும் என்றும் கேட்டே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

இப்போதும் தமிழ்த் தேர்வில் நாளிதழ் ஆசிரியருக்குக் கடிதம் எழுதச் சொல்லும் வினா வருகிறது. அனுப்புநர், பெறுநர், பொருள், உறைமேல் முகவரி என்று எல்லாவற்றையும் மனப்பாடமாக எழுதி மதிப்பெண் வாங்கும் பிள்ளைகளில் ஒருவர்கூட உண்மையில் ஒரு நாளிதழுக்குக் கடிதம் அனுப்பியதை நான் கண்டதில்லை. கட்டுரைப் பயிற்சியோ முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்ற வார்ப்பில் நடக்கிறது. அந்தப் பழக்கத்தோடு செய்தி எழுத உட்காரும் பிள்ளை, பேருந்து நிலையத்தில் குடிநீர்க் குழாய் பழுதானதைச் சொல்லவும் 'சேலம் மாநகரம் மாம்பழத்துக்குப் பெயர் பெற்றது' என்றுதான் தொடங்குகிறது. செய்தியில் முன்னுரை கிடையாது, முக்கியமானது முதல் வரியிலேயே வந்துவிட வேண்டும் என்று சொன்னதும், 'எது முக்கியம்?' என்ற கேள்வி எழுகிறது. குழாய் பழுதானதா, எத்தனை நாளாகப் பழுது என்பதா, பக்கத்துக் கடையில் தண்ணீர் பாட்டில் விற்பனை கூடியதா? மூன்று பிள்ளைகள் மூன்றை முதலில் வைக்கிறார்கள். மூன்றும் உண்மைதான், ஆனால் படிப்பவர் மனத்தில் மூன்றும் ஒரே எண்ணத்தை உண்டாக்குவதில்லை. சார்பு என்பது பொய் சொல்வதில் மட்டும் இல்லை, உண்மைகளை வரிசைப்படுத்துவதிலும் இருக்கிறது என்பது அந்த இடத்திலேயே அவர்களுக்கு விளங்கிவிடுகிறது.

கோடைதோறும் நம் ஊர்ப் பக்கங்களில் தவறாமல் இடம்பெறும் செய்தி ஒன்று உண்டு. மாம்பழக் கிடங்குகளில் உணவுப் பாதுகாப்புத் துறையினர் சோதனை நடத்தி, செயற்கையாகப் பழுக்க வைத்த பழங்களைப் பறிமுதல் செய்து அழிப்பார்கள்; மறுநாள் 'ரசாயன மாம்பழம் பறிமுதல்' என்று தலைப்பு வரும். அப்படிப்பட்ட செய்தி ஒன்றைக் கத்தரித்துக் கொடுத்து, ஒவ்வொரு வாக்கியமும் யார் தந்த தகவல் என்பதை ஓரத்தில் குறிக்கும்படி சொன்னேன். ஓரம் முழுவதும் 'அதிகாரி', 'அதிகாரி' என்றே நிறைந்தது. கிடங்குக்காரர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. மாதிரியை ஆய்வுக்கு அனுப்பியதாக இருந்ததே தவிர, முடிவு என்னவாயிற்று என்பதைப் பிந்தைய நாள்களின் இதழ்களில் தேடியும் பிள்ளைகளுக்குக் கிடைக்கவில்லை. பிறகு சட்டம் என்ன சொல்கிறது என்று தேடினோம். கால்சியம் கார்பைடு கல்லை வைத்துப் பழுக்க வைப்பதை 2011ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறைகள் தடை செய்கின்றன; அந்தக் கல்லிலிருந்து எழும் வாயுவில் ஆர்சனிக், பாஸ்பரஸ் ஆகியவற்றின் தடயங்கள் கலந்திருக்கலாம் என்பது முக்கியமான காரணம். எத்திலீன் வாயுவோ பழம் பழுக்கும்போது தானே வெளியிடுவது. பத்து லட்சத்தில் 100 பங்கு என்ற அளவு வரை அதைக் கொண்டு பழுக்க வைக்க அனுமதி இருக்கிறது. 'ரசாயனம்' என்ற ஒரே சொல் தடை செய்யப்பட்டதையும் அனுமதிக்கப்பட்டதையும் ஒன்றாக மூடிவிடுகிறது. பறிமுதலானவை எந்த வகை என்று அந்தச் செய்தியில் எங்குமே இல்லை. பிள்ளைகளில் ஒருத்தி தன் அப்பாவோடு மண்டிக்குப் போய், எத்திலீன் கொண்டு பழுக்க வைக்கும் வாயு அறை வைத்திருக்கும் வியாபாரி ஒருவரிடம் பேசிவிட்டு வந்தாள். கல் வைக்கும் ஆட்களால் தம் வியாபாரமும் கெடுகிறது என்று அவர் வருத்தப்பட்டாராம். அதையும் சேர்த்துப் பிள்ளைகள் திருப்பி எழுதிய செய்தியில் பழைய தலைப்பின் வேகம் இல்லை. ஆனால் கடைவீதியில் மல்கோவாவோ இமாம் பசந்தோ வாங்கப் போகிறவர் எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பது அதில் இருந்தது.

ஏற்காட்டில் மே மாதத்தில் நடக்கும் கோடை விழாவையும் ஒருமுறை இப்படிக் கையாண்டோம். ஒரு குழு அண்ணா பூங்காவின் மலர்க் கண்காட்சிக்குப் போயிற்று. இன்னொரு குழு ஒண்டிக்கடைச் சந்திப்பில் நின்றது. முதல் குழு 'சுற்றுலாப் பயணிகள் மகிழ்ச்சி' என்றும், இரண்டாவது குழு 'நெரிசலில் சிக்கி மலைவாசிகள் தவிப்பு' என்றும் எழுதி வந்தன. இரண்டையும் அருகருகே ஒட்டி, யாரைக் கேட்கவில்லை என்று பட்டியல் போடச் சொன்னபோதுதான், காபித் தோட்டத் தொழிலாளர்களையோ, சேர்வராயன் மலையின் உட்கிராமங்களிலிருந்து சேலத்து மருத்துவமனைக்குப் போக 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கியாக வேண்டியவர்களையோ இரண்டு குழுவும் தேடிப் போகவில்லை என்பது தெரிந்தது. எடுத்த படங்களிலும் இதே கதைதான். படிக்கட்டில் ஏறி நின்று எடுத்த படத்தில் சாலை நிரம்பி வழிந்தது. சற்றுத் தள்ளி நின்று எடுத்த படத்தில் அதே நேரத்தில் அதே சாலையில் பாதி இடம் காலியாக இருந்தது. படம் பொய் சொல்லாது என்று நம்பியிருந்த பிள்ளைகளுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

தமிழுக்கே உரிய சில இடங்களையும் தமிழாசிரியன் என்ற முறையில் சொல்லியாக வேண்டும். 'கூறப்படுகிறது', 'தெரிகிறது', 'பரபரப்பு ஏற்பட்டது' ஆகியவை நம் செய்திகளில் தாராளமாகப் புழங்குகின்றன. எங்கள் சுவரிதழில் 'கூறப்படுகிறது' என்று எழுதினால் யார் கூறியது என்று எழுத வேண்டும். எழுத முடியாவிட்டால் வாக்கியத்தையே எடுத்துவிட வேண்டும் என்பது விதி. வினைமுற்றிலும் தீர்ப்பு ஒளிந்திருக்கிறது. தொழிலதிபர் மீது வழக்கு வந்தால் 'தெரிவித்தார்' என்கிறோம்; சந்தேகத்தின் பேரில் பிடிபட்ட கூலித் தொழிலாளியை, குற்றம் நிரூபணமாகும் முன்பே 'ஓடினான்', 'திருடினான்' என்று எழுதிவிடுகிறோம். சேலத்தில் கட்டட வேலையிலும் உணவகங்களிலும் வெளிமாநிலத் தொழிலாளர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். குற்றச் செய்தி என்றால் 'வடமாநில வாலிபர் கைது' என்று தலைப்பிலேயே ஊர் வந்துவிடுகிறது. கைதானவர் உள்ளூர்க்காரர் என்றால் தலைப்பில் அது வருவதில்லை. தேவையின்றிச் சாதி, சமூக அடையாளங்களைக் குறிப்பிடுவதைத் தவிர்க்க வேண்டும் என்று இந்தியப் பத்திரிகை மன்றத்தின் நெறிமுறைகள் சொல்வதைப் படித்த பிள்ளைகள், அதே அளவுகோலை மாநில அடையாளத்துக்கும் வைத்துப் பார்க்கிறார்கள். வைத்துப் பார்ப்பதில் நியாயம் இருக்கிறது.

இதனால் விளையும் கேடு சிறியதன்று. 2018 மே மாதத்தில், குழந்தை கடத்துபவர்கள் நடமாடுவதாகக் கைப்பேசிகளில் பரவிய வதந்தியை நம்பிய கூட்டம், போளூர் அருகே குழந்தைகளுக்கு இனிப்புக் கொடுத்த முதிய பெண்மணி ஒருவரை அடித்துக் கொன்றது. 2023 மார்ச் மாதத்தில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாக வேறெங்கோ எடுத்த காணொளிகளைப் பரப்பியதால், அத்தொழிலாளர்கள் அஞ்சி ஊர் திரும்ப நினைக்கும் நிலை வந்தது. அந்த வதந்திகளைப் பரப்பியவர்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் ஏராளம். பக்கத்து மாநிலமான கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்தில், பொய்ச் செய்தியை இனங்காணும் பாடத்தை 'சத்யமேவ ஜயதே' என்ற பெயரில் அரசுப் பள்ளிகளிலேயே நடத்தத் தொடங்கினார்கள். நம் மாவட்டத்திலும் அது முடியாத காரியமல்ல.

எண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. மேட்டூர் அணையின் முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி). 'நீர்மட்டம் 100 அடியை எட்டியது' என்று படிக்கும்போது ஆறில் ஐந்து பங்கு நிரம்பிவிட்டதாகவே தோன்றும். அணை அடியில் குறுகியும் மேலே விரிந்தும் இருப்பதால், 100 அடியில் இருப்பது ஏறத்தாழ 65 டி.எம்.சி.தான், அதாவது முழுக் கொள்ளளவில் 70 விழுக்காடு. ஜூன் 12இல் டெல்டா பாசனத்துக்குத் திறக்கலாமா என்று பேசும் செய்தியில் அடியை மட்டும் கொடுப்பதும், டி.எம்.சி.யையும் சேர்த்துக் கொடுப்பதும் ஒன்றாகா. எட்டாம் வகுப்புக் கணக்கே இதற்குப் போதும்.

இப்படியெல்லாம் சொல்வதால், கருத்தே கூடாது என்று பிள்ளைகளுக்குக் கற்பிப்பதாக யாரும் எண்ண வேண்டாம். இந்த மாவட்டத்து இதழியல் கருத்தோடு வளர்ந்ததுதான். ராசிபுரத்தில் பிறந்த டாக்டர் வரதராஜுலு நாயுடு 'தமிழ்நாடு' இதழைச் சேலத்திலிருந்துதான் தொடங்கினார். அன்றைய சேலம் மாவட்டத்தைச் சேர்ந்த திருச்செங்கோட்டுக்கு அருகே, புதுப்பாளையம் காந்தி ஆசிரமத்திலிருந்து ராஜாஜி 'விமோசனம்' என்ற இதழை மதுவிலக்குக்காகவே நடத்தினார். கல்கி அதில் உதவி செய்தார். 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்ததற்குப் பின்னால் அத்தகைய பிரசாரத்தின் உழைப்பும் உண்டு. 'விமோசனம்' தன் பக்கம் எது என்பதை மறைக்கவில்லை. படித்தவர்களும் அது தெரிந்தே படித்தார்கள். தலையங்கத்தில் இருக்க வேண்டிய கருத்து செய்தியின் உடையில் வருவதும், பயிற்சி மையத்தின் விளம்பரம் செய்தியின் எழுத்திலும் பத்தியிலும் அச்சாகி 'விளம்பரம்' என்ற சொல் மட்டும் மூலையில் கண்ணுக்குத் தெரியாத அளவில் இருப்பதும்தான் ஏமாற்று. 2018இல் அறிவிக்கப்பட்ட சேலம்–சென்னைச் சாலைத் திட்டத்தை ஆதரித்தவர்கள் 'பசுமை வழிச்சாலை' என்றும் எதிர்த்தவர்கள் 'எட்டு வழிச்சாலை' என்றும் குறிப்பிட்டதை நாம் எல்லோரும் அறிவோம். எந்தப் பெயரை எழுதினாலும், மற்றவர்கள் இன்னொரு பெயரால் குறிப்பிடுகிறார்கள் என்று ஒரு வரி சேர்த்தால் போதும், படிப்பவர் தாமே முடிவு செய்துகொள்வார்.

பொதுத்தேர்வு நெருக்கடியில் இதற்கு நேரம் ஏது என்று ஆசிரியர்களும், பிள்ளைகளை ஏன் அரசியலுக்குள் இழுக்கிறீர்கள் என்று பெற்றோரும் கேட்கிறார்கள். மாதத்தில் இரண்டு பாடவேளையும் ஒரு சார்ட் அட்டையும் போதும். சத்துணவு, கழிப்பறை, விளையாட்டு விழா, தெருவிளக்கு என்று பள்ளியைச் சுற்றியே செய்தி குவிந்து கிடக்கிறது. என்னை அதிகம் யோசிக்க வைத்தது இன்னொரு எதிர்ப்பு: சார்பைக் காட்டிக் காட்டிப் பழக்கினால், 'எல்லாப் பத்திரிகையும் பொய்தான்' என்று பிள்ளைகள் ஒதுக்கிவிட மாட்டார்களா? படிக்க மட்டும் பழக்கினால் அந்த ஆபத்து உண்டு. எழுதவும் பழக்கினால் இல்லை. ஒரு பெயரைச் சரியாக எழுத இரண்டு பேரிடம் கேட்க வேண்டியிருந்ததையும், மறுதரப்பைத் தேடி மூடிய கதவின் முன் காத்திருந்ததையும் அனுபவித்த பிள்ளை, அந்த உழைப்பு தெரியும் செய்தியை மதிக்கிறது. எதை வெளியிடக் கூடாது என்பதையும் எழுதும்போதுதான் கற்கிறது. குற்ற வழக்குகளில் சிக்கிய அல்லது பாதிக்கப்பட்ட சிறார்களின் பெயர், படம், பள்ளி எதையும் வெளியிடக் கூடாது என்று இளைஞர் நீதிச் சட்டமும் போக்சோ சட்டமும் விதிப்பதை அறிந்த பிள்ளைகள், அடுத்த வகுப்புச் சண்டையைப் பற்றிய செய்தியில் பெயர்களைத் தாங்களாகவே நீக்கினார்கள்.

பள்ளிக் கல்வித் துறை மாணவர்களுக்கென 'ஊஞ்சல்', 'தேன்சிட்டு' ஆகிய இதழ்களைக் கொண்டுவந்தது பாராட்டுக்குரியது. அவற்றில் கதையும் கவிதையும் வருவதோடு, பிள்ளைகள் விசாரித்து எழுதிய உள்ளூர்ச் செய்திக்கும் சில பக்கங்கள் ஒதுக்க வேண்டுகிறேன்.

தங்கள் நாளிதழிடம் நான் கேட்பவை இவை. சேலம் பதிப்பில் மாதம் ஒருமுறை அரைப் பக்கம் பள்ளிச் சுவரிதழ்களுக்கு ஒதுக்குங்கள். பிள்ளைகளின் நடையைத் திருத்தலாம், அவர்கள் கேட்ட கேள்வியை நீக்க வேண்டாம். உதவி ஆசிரியர் ஒருவரைப் பள்ளிகளுக்கு அனுப்பி, அலுவலகத்துக்கு வந்த செய்திக்குறிப்பு எப்படி இருந்தது, அச்சில் எப்படி மாறியது, ஏன் மாற்றினோம் என்று காட்டச் சொல்லுங்கள். பிழை திருத்தங்களை உள்பக்க மூலையில் போடாமல், பிழை வந்த அதே பக்கத்தில் போடுங்கள். மாம்பழச் செய்தி பற்றி எங்கள் பிள்ளைகள் எழுதிய கடிதத்தை இதனுடன் இணைத்துள்ளேன். பறிமுதலான பழங்களில் இருந்தது கார்பைடா எத்திலீனா, ஆய்வக முடிவு என்ன என்ற இரண்டு கேள்விகளே அதில் உள்ளன. தங்கள் நிருபர் மூலம் விசாரித்து, பதிலைத் தங்கள் இதழிலேயே வெளியிட வேண்டுகிறேன். அந்தப் பதிலைச் சேர்ப்பதற்காகச் சுவரிதழில் இடம் விட்டு வைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
அஸ்தம்பட்டி, சேலம்.